ஏற்காடு இறங்க செராமிக் பிரேக் வேண்டுமா? ஸ்போர்ட்ஸ் கார் வாங்குமுன் ஒரு வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிவாக்கில் ஏற்காடு அடிவாரத்தில் சாலையோரமாகக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மலையிலிருந்து இறங்கி வரும் சில கார்கள் கருகல் வாடையைச் சுமந்துகொண்டு வரும். ஓட்டியவர் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, முன்சக்கரத்தின் அருகே குனிந்து, என்ன ஆனது என்று புரியாமல் பார்ப்பார். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக் பெடலில் இருந்து காலை எடுக்காமலேயே இறங்கியிருக்கிறார். அந்த உழைப்பின் வாடைதான் அது.

ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைக்கும் சேலத்து நண்பர்கள் என்னிடம் பேசும்போது இந்த வாடைதான் அவர்கள் மனதில் இருக்கும். "வாரம் ஒருமுறை ஏற்காடு போவேன், செராமிக் பிரேக் சேர்த்தே பதிவு செய்துவிடட்டுமா?" என்று கேட்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு என் பதில் "வேண்டாம்". சிலருக்கு "தயங்காமல் எடுங்கள்". நீங்கள் இதில் யார் என்பதை நீங்களே கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ளலாம். விற்பனையாளர் முன்னால் உட்காரும்போது போட முடியாத கணக்கு இது. வீட்டிலேயே போட்டுக்கொண்டு போங்கள்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்

சந்தையில் "செராமிக்" என்ற பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் உலவுகின்றன.

முதலாவது செராமிக் பேட். சக்கரத்தோடு சுழலும் வட்டத் தட்டுதான் டிஸ்க், மிதிக்கும்போது அதைக் கவ்வி உரசும் கட்டைதான் பேட். வழக்கமான வார்ப்பிரும்பு டிஸ்க்கோடு சேர்ந்து உழைக்கும் பேட் இது. அதன் கலவையில் செராமிக் இழை சேர்ந்திருக்கும். சத்தமும் கரித்தூளும் குறையும். சில ஆயிரங்களில் முடிகிற விஷயம். "என் வண்டியில் செராமிக் பிரேக்தான்" என்று பெருமையாகச் சொல்பவர்களில் பலர் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது கார்பன் செராமிக் டிஸ்க். விலையைக் கேட்டு எல்லோரும் திகைப்பது இதற்குத்தான். கார்பன் இழையையும் பிசினையும் சேர்த்து அழுத்தி டிஸ்க் வடிவமாக்கி, காற்றில்லாத உலையில் சுட்டுக் கரியாக்குவார்கள். பிறகு 1,400 டிகிரியைத் தாண்டிய வெப்பத்தில் உருகிய சிலிக்கானை அதற்குள் உறிஞ்சவிடுவார்கள். சிலிக்கானும் கார்பனும் சேர்ந்து சிலிக்கான் கார்பைடு ஆகிறது. வைரத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்கும் கடினம் அதற்கு. ஒவ்வொரு டிஸ்க்கும் பல நாள் உலையில் இருந்து வருவதால்தான் விலை அப்படி நிற்கிறது. சேலத்துக்காரர்களுக்கு வெப்பம் தாங்கும் செராமிக் புதிதல்ல. கருப்பூர்ப் பக்கத்து வெள்ளைக்கல் கரடுகளில் வெட்டி எடுக்கும் மாக்னசைட்டைச் சுட்டுத்தான் எஃகு உலைகளின் உட்புறத்துக்குச் செங்கல் செய்கிறார்கள். பொருள் வேறு என்றாலும் இரும்பு தளரும் சூட்டில் தளராமல் நிற்கும் குணம் ஒன்றுதான்.

மூன்றாவது பூச்சு போட்ட டிஸ்க். வார்ப்பிரும்பின் மேல் டங்ஸ்டன் கார்பைடு படலம் போட்டது. போர்ஷே இதை 2017இல் கயேன் வண்டியோடு கொண்டுவந்தது. துருவும் தூளும் குறைய வேண்டும், ஆனால் கார்பன் செராமிக் அளவுக்குச் செலவு செய்ய மனமில்லை என்பவர்களுக்கு இது நடுவழி.

வண்டியில் எது இருக்கிறது என்று காலிப்பரின், அதாவது பேட்டைப் பிடித்து டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகத்தின், நிறத்தைப் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம். போர்ஷேயில் மஞ்சள் என்றால் கார்பன் செராமிக், வெள்ளை என்றால் பூச்சு போட்டது, சிவப்பும் கறுப்பும் பெரும்பாலும் இரும்பு. பிஎம்டபிள்யூவின் எம் வண்டிகளில் தங்க நிறம் கார்பன் செராமிக்கைக் குறிக்கும். ஆனால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். மஞ்சள் பெயின்ட் எந்தக் கடையிலும் கிடைக்கிறது. போர்ஷேயிலேயே செராமிக் டிஸ்க்கோடு கறுப்புக் காலிப்பர் கேட்டு வாங்குபவர்களும் உண்டு. அலாய் வீலின் இடைவெளி வழியாக டிஸ்க்கைப் பாருங்கள். இரும்பு கண்ணாடிபோல் பளபளக்கும், ஒரு மழை இரவுக்குப் பிறகு செம்பழுப்பாகத் துருப்பிடித்து நிற்கும். கார்பன் செராமிக் மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்கும். உற்றுப் பார்த்தால் நறுக்கிப் போட்ட இழைத் துண்டுகள் கல்லில் பதிந்ததுபோல் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும். ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு தவறாது.

ஒரு மாதம் எங்கே ஓட்டுகிறீர்கள் என்று எழுதி வையுங்கள்

ஒரு சிறு நோட்டு போதும். ஐந்து ரோட்டில் இருந்து அஸ்தம்பட்டிக்கு எத்தனை முறை போனீர்கள், பெங்களூருக்கு எத்தனை முறை, ஏற்காட்டுக்கு எத்தனை முறை, பந்தயத் தடத்துக்கு எத்தனை முறை என்று நேர்மையாக எழுதுங்கள். கனவில் போகும் இடங்களை எழுதாதீர்கள்.

சேலத்தில் நான் பார்த்தவரை, இந்த வண்டிகள் ஊருக்குள் மெதுவாகவும் பெங்களூர் சாலையில் சீராகவும்தான் ஓடுகின்றன. நால்வழிச் சாலையில் கார்களுக்கு மணிக்கு 100 கிலோமீட்டர்தான் வரம்பு. அந்த வேகத்தில் ஒருமுறை நிறுத்துவதற்கு, ஒழுங்காகப் பராமரித்த இரும்பு டிஸ்க்கே தேவைக்கு மேல். பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் இடமும் இதுதான். செராமிக் போட்டால் வண்டி குறைந்த தூரத்தில் நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். முதல் முறை மிதிக்கும்போது எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது டயர். இரும்பு டிஸ்க்காலேயே டயரின் பிடி விடும் எல்லைவரை அழுத்த முடியும், அதற்குமேல், சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் வந்து தளர்த்திவிடும். செராமிக்கின் பலம் தெரிவது முதல் மிதியில் அல்ல. இடைவெளி இல்லாமல் மிதிக்கும் இருபதாவது மிதியில்தான்.

அப்படியானால் இருபது வளைவுள்ள ஏற்காடு அந்தக் கணக்கில் வராதா என்று கேட்பீர்கள். வருமா என்று பார்ப்போம்.

மலை தரும் சூடும் தடம் தரும் சூடும்

ஏற்காடு கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரம் வரை இறங்கினால் சுமார் 1,100 மீட்டர் இறக்கம் என்று வைத்துக்கொள்வோம். ஆட்களோடு 1,600 கிலோ எடையுள்ள கார் அந்த உயரத்தை இழக்கும்போது விடும் ஆற்றல் ஏறத்தாழ 17 மெகாஜூல். அதே காரை 100 கிலோமீட்டர் வேகத்தில் இருந்து ஒருமுறை நிறுத்த 0.6 மெகாஜூல்தான் ஆகும். அதாவது ஒருமுறை மலையிறங்குவது, நூறில் இருந்து இருபத்தெட்டு முறை நிறுத்துவதற்குச் சமம். கேட்கவே பயமாக இருக்கிறது இல்லையா?

ஆனால் நேரத்தைப் பாருங்கள். பாதுகாப்பாக ஓட்டினால் இறங்க முக்கால் மணி நேரம் ஆகும். 17 மெகாஜூலை 2,700 நொடிகளுக்குப் பங்கிட்டால் நொடிக்கு 6 கிலோஜூல் சொச்சம். அதிலும் ஒரு பகுதியை டயர் உருள்வதும் காற்றும் தின்றுவிடும், கியர் சரியாகப் போட்டிருந்தால் பெரும்பகுதியை என்ஜின் வாங்கிக்கொள்ளும்.

இப்போது பந்தயத் தடம். நீண்ட நேர்சாலையின் முடிவில் 200 வேகத்தில் இருந்து 80க்குக் குறைக்கிறீர்கள். வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதை நினைவில் வையுங்கள். அந்த ஒரே மிதியில் 2 மெகாஜூல், நான்கைந்து நொடிக்குள். நொடிக்கு 450 கிலோஜூல் அளவில் டிஸ்க்குக்குள் சூடு இறங்குகிறது. மலையின் சராசரியைப்போல் எழுபது மடங்கு. என்ஜின் உதவ அங்கே நேரமே இல்லை. டிஸ்க் ஆறுவதற்குள் அடுத்த வளைவு, பிறகு அடுத்த சுற்று. கார்பன் செராமிக் பிறந்தது இந்தச் சூட்டுக்காகத்தான். போர்ஷே 2001இல் 911 ஜிடி2 வண்டியில் இதைக் கொண்டுவந்தபோதும், அடுத்த ஆண்டு ஃபெராரி என்ஸோ இதோடு வந்தபோதும் மனதில் இருந்தது அந்தத் தடம்தான்.

மலை கேட்பது வேறு. நீண்ட நேரம், குறைந்த சூடு, ஆறுவதற்குக் காற்று இல்லாத மெதுவான ஓட்டம். இதற்கு மருந்து கியரும் காலும். எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள், அதைவிட நல்ல அறிவுரையை எந்தக் கம்பெனிப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. தொப்பூர் கணவாயில் லாரி பிரேக் பிடிக்காமல் நடக்கும் விபத்துகளைச் செய்தித்தாளில் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம். இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது எவ்வளவு பெரிய ஆபத்து என்று அந்தச் சாலை ஓட்டுநர்களைக் கேட்டால் தெரியும். அங்கே போய்விடுவது உயிர்.

பெடல் அமுங்கிய நாள்

இதை நான் ஏட்டறிவாகச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிய மறுவாரமே மனைவியோடு ஏற்காடு போனேன். ஆட்டோமேட்டிக் கியர். ஏறும்போது ஆனந்தம். இறங்கும்போது டி-யிலேயே விட்டுவிட்டு, ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக்கில் காலை வைத்தபடியே வந்தேன். பாதி மலை இறங்கியிருக்கும். ஒரு வளைவுக்கு முன்னால் மிதித்தபோது பெடல் வழக்கமான இடத்தில் நிற்காமல் பஞ்சுபோல் உள்ளே போனது. இரண்டாம் முறை அடித்து மிதித்ததும்தான் பிடித்தது. எதிரில் ஒரு பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது. ஏறும் வண்டிக்குத்தான் வழி, நான் ஒதுங்கி நின்றாக வேண்டும். நின்றுவிட்டேன், ஆனால் கைகள் நடுங்கி ஓய வெகுநேரம் ஆனது. மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. மீதி மலையை முதல் கியரிலேயே இறங்கினோம்.

மறுநாள் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் போய், "அண்ணா, இந்த டிஸ்க்கைக் கழற்றிவிட்டு செராமிக் போட்டுவிடலாமா?" என்று கேட்டேன். அவர் பானெட்டைத் திறந்தார். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திருகி எடுத்து, வெளிச்சத்தில் காட்டினார். தேன் நிறத்தில் இருக்க வேண்டியது காப்பி டிகாக்‌ஷன்போல் கறுத்துக் கிடந்தது. "டிஸ்க் மேல் ஒரு குற்றமும் இல்லை தம்பி. இதை மாற்றி எத்தனை வருடம் ஆயிற்றோ, விற்றவரைக் கேளுங்கள்" என்றார். விற்றவர் ஏதும் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது உண்மையில் எண்ணெயே அல்ல, காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 வரை இறங்கிவிடலாம். காலிப்பருக்குள் கொதித்தால் ஆவி உண்டாகும். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. பெடல் பஞ்சாவது அதனால்தான். இந்த நிலையில் உலகத்தின் விலை உயர்ந்த செராமிக் டிஸ்க்கை மாட்டியிருந்தாலும் அன்று என் கால் உள்ளேதான் போயிருக்கும்.

செராமிக்குக்கு முன்னால் இந்தச் செலவைச் செய்யுங்கள்

பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். மலைக்கு அடிக்கடி போனால் ஆண்டுக்கு ஒருமுறை. உங்கள் வண்டியின் கையேடு அனுமதித்தால் டாட் 5.1 ஊற்றலாம், அதன் எல்லை புதிதில் 260, ஈரம் ஏறிய பிறகு 180. பெயரில் ஒட்டி நிற்கும் டாட் 5 சிலிக்கோன் வகை, அதைத் தவறியும் கலந்துவிடாதீர்கள்.

அடுத்தது டயர். ஐந்தாறு ஆண்டு பழைய, இறுகிப்போன டயரோடு செராமிக் பிரேக்கைப் பற்றிப் பேசுவதில் பொருளே இல்லை. அடுத்தது பேட். கம்பெனி பேட் மலைக்குப் போதும். எப்போதாவது தடத்துக்குப் போனால் அதிக சூடு தாங்கும் பேட்டை அந்த நாளுக்கு மட்டும் மாட்டிக்கொள்ளலாம். இவை மூன்றையும் செய்த பிறகு மலையில் ஒரு சோதனை ஓட்டம் ஓட்டுங்கள்.

சனி, ஞாயிறும் மே மாதக் கோடை விழா நாட்களும் வேண்டாம். வார நாளில் காலை ஆறரை மணிக்குக் கோரிமேடு தாண்டினால் சாலை உங்களுக்கே. மேலே போய் ஒரு காப்பி குடித்து, டிஸ்க் நன்றாக ஆறிய பிறகு இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் முறைக்கு மாற்றி, ஸ்டியரிங்கின் பின்னால் இடப்பக்கம் இருக்கும், கியரைக் குறைக்கும் இதழை (பேடில்) இழுத்து இரண்டாம் கியரில் நிறுத்துங்கள். என்ஜின் மூவாயிரம் நாலாயிரம் சுற்றில் உறுமும், பயப்பட வேண்டாம், அது வண்டியைப் பிடித்துக்கொள்ளும் சத்தம். வளைவுக்கு முன் நேராக இருக்கும்போதே பிரேக்கைத் திடமாக, கொஞ்ச நேரம் மிதித்து, முழுதாக விட்டுவிடுங்கள். லேசாக வைத்துத் தேய்த்துக்கொண்டே வருவதுதான் கெடுதல். திடமாக மிதித்து விட்டால் இடையில் காற்று பட்டு டிஸ்க் ஆறும்.

அடிவாரம் வந்ததும் உடனே நிறுத்தாதீர்கள். சமதளத்தில் இரண்டு கிலோமீட்டர் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி, பிறகு நிறுத்துங்கள். சூடான டிஸ்க்கைப் பேட் கவ்விக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் பேட்டின் படிவு ஒட்டிக்கொள்ளும். அடுத்த வாரம் பெடல் அதிரும், டிஸ்க் வளைந்துவிட்டது என்று யாராவது சொல்வார்கள். சூட்டோடு சூடாக வாட்டர் வாஷில் விட்டுத் தண்ணீர் பாய்ச்சுவதும் கூடாது. இரும்பில் விரிசல் விழலாம்.

இறங்கி முடித்தபோது பெடல் அதே உயரத்தில் நிற்கிறதா, வாடை இல்லையா, இழுப்பு இல்லையா? அப்படியென்றால் ஏற்காடு உங்களிடம் செராமிக் கேட்கவில்லை. எழுபது வளைவுள்ள கொல்லிமலைக்கும் இதே பதில்தான். இவ்வளவும் ஒழுங்காகச் செய்த பிறகும் பெடல் தளர்கிறது என்றால் காலிப்பர், ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர் என்று பழுதைத் தேடுங்கள்.

பணக் கணக்கு

அமெரிக்காவில் 911 வண்டிக்குக் கார்பன் செராமிக்கைக் கூடுதலாகச் சேர்க்க 9,000 டாலருக்கு மேல் ஆகும். இங்கே வரும்போது வரியும் சேர்ந்துகொள்ளும். விற்பனையாளரிடம் இரண்டு விலைகளை எழுத்தில் வாங்குங்கள். ஒன்று, புதிய வண்டியோடு சேர்த்து எடுக்கும் விலை. இரண்டாவது, ஒரு முன் டிஸ்க்கை மட்டும் தனியாக மாற்ற ஆகும் விலை. இரண்டாவதைக் கேட்க யாரும் நினைப்பதில்லை. கேட்டுப் பாருங்கள், முடிவு பாதி அங்கேயே எடுக்கப்பட்டுவிடும். டிஸ்க்கை ஒரு அச்சுக்கு இரண்டாகத்தான் மாற்ற வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கான பேட்டும் தனி வகைதான், இரும்புக்கான பேட்டை இதில் மாட்ட முடியாது.

பதிலுக்குக் கிடைப்பது என்ன? எடை ஏறத்தாழப் பாதியாகிறது. அதுவும் சஸ்பென்ஷனுக்குக் கீழே, சக்கரத்தோடு துள்ளும் எடை. அங்கே ஒரு கிலோ குறைந்தாலே ஸ்டியரிங்கில் தெரியும். கரித்தூள் மிகவும் குறைவதால் வீல் நாள்கணக்கில் சுத்தமாக இருக்கும். துருப்பிடிக்காது. சாலையில் மட்டும் ஓட்டினால் டிஸ்க் ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியும் உழைக்கக்கூடியது.

எதிர்ப்பக்கமும் உண்டு. அதிகாலைப் பனியிலும் மழையிலும் முதல் மிதி கொஞ்சம் மந்தமாக இருக்கலாம். மெதுவாக நிற்கும்போது கிறீச்சிடும். டிஸ்க் பெரிதாக இருப்பதால் சிறிய வீல் மாட்ட முடியாது. தடத்தில் தொடர்ந்து அடித்தால் கடும் சூட்டில் உள்ளிருக்கும் கார்பன் இழை மெல்ல எரிந்து குறையும். இதனால்தான் தடத்துக்கு அடிக்கடி போகும் போர்ஷே 911 ஜிடி3 உரிமையாளர்கள் பலர் இரும்பையே கேட்டு எடுக்கிறார்கள். வெப்பத்துக்காகப் பிறந்த பொருளை, வெப்பம் அதிகம் தருபவர்களே தவிர்ப்பது முரணாகத் தோன்றும். டிஸ்க்கின் விலையைக் கேட்டவர்களுக்குப் புரியும். இரும்பு தேய்ந்தால் மாற்றிவிட்டு மறுவாரம் மறுபடி போகலாம்.

யார் எடுக்கலாம்

இரண்டு டன்னை நெருங்கும், அறுநூறு குதிரைத்திறன் வண்டி வாங்குபவர் எடுக்கலாம், எடையும் வேகமும் சேரும்போது இரும்பு சீக்கிரம் திணறும். ஃபெராரி போன்ற வண்டிகளில் கேள்வியே எழாது, கம்பெனியே இதைத்தான் போட்டுத் தருகிறது, பேசாமல் வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டு வைத்திருக்கப்போகிறேன், தினமும் ஓட்டப்போகிறேன், வீல் சுத்தமும் ஸ்டியரிங்கின் லேசும் எனக்கு முக்கியம், பணம் நெருக்கடி இல்லை என்பவரும் எடுக்கலாம். அது ஆசைக்கான செலவு, அதில் தவறே இல்லை. பாதுகாப்புக்கான செலவு என்று மட்டும் உங்களை நீங்களே சமாதானம் செய்துகொள்ளாதீர்கள்.

கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்துத் தடத்துக்கோ இருங்காட்டுக்கோட்டைக்கோ ஆண்டில் ஓரிரு முறை போகிறவர்கள் இரும்பு டிஸ்க், நல்ல பேட், புதிய பிரேக் ஆயில், அதோடு தடத்தில் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர் ஒருவர் என்று செலவு செய்யுங்கள். நான்காவதுதான் உங்கள் சுற்று நேரத்தை அதிகம் குறைக்கும்.

இருக்கும் இரும்பு டிஸ்க் வண்டியில் வெளியில் வாங்கிய செராமிக் டிஸ்க்கை மாட்டுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஏபிஎஸ்ஸும் முன்பின் பிரேக் பங்கீடும் அந்த வண்டியின் டிஸ்க்குக்கு ஏற்றபடி அமைக்கப்பட்டவை. அந்தச் சமநிலையைக் கலைத்துவிட்டு மலையில் சோதித்துப் பார்க்க முடியாது.

எடுத்துவிட்டீர்களா? பஞ்சர் கடையில் பக்கத்திலேயே நில்லுங்கள்

கார்பன் செராமிக் சூட்டுக்கு அஞ்சாது, இடிக்கு அஞ்சும். ஒருமுறை நண்பர் ஒருவரின் மஞ்சள் காலிப்பர் வண்டி பஞ்சரானது. சாலையோரக் கடையில் இருந்த பையன் சுறுசுறுப்பானவன். காற்றுத் துப்பாக்கியால் ஐந்து போல்ட்டையும் கண்மூடித் திறப்பதற்குள் கழற்றினான். கடைசி போல்ட் வந்ததும் வீல் சாய்ந்து, அதன் உள்விளிம்பு டிஸ்க்கின் ஓரத்தில் "டக்" என்று பட்டது. தட்டு உடைந்த சத்தம்போல் சின்னச் சத்தம்தான். குனிந்து பார்த்தால் நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. பையன் மேல் தவறில்லை. இரும்பு டிஸ்க்கில் இது ஒரு கீறலாகக்கூட விழாது, அவனுக்கு யாரும் சொல்லவில்லை. பெயர்ந்தது ஓரத்திலா, பேட் தேய்க்கும் முகத்திலா, எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்துதான் டிஸ்க்கை வைத்துக்கொள்ளலாமா என்று சொல்வார்கள். அதற்கு அவர் வண்டியைப் பெங்களூருக்கு ஏற்றி அனுப்ப வேண்டியிருந்தது.

ஆகவே போல்ட் வகை வீல் என்றால், போல்ட் துளையில் திருகி வைக்கும் வழிகாட்டிக் கம்பி இரண்டை எப்போதும் வண்டியில் வைத்திருங்கள். சில வண்டிகளின் டூல் பெட்டியிலேயே இருக்கும். முதலில் மேலே இருக்கும் போல்ட்டைக் கழற்றி அந்த இடத்தில் கம்பியைத் திருகுங்கள், மற்றவற்றைக் கழற்றிய பிறகு வீலைக் கம்பி மேல் நேராக வழுக்கி எடுங்கள். மாட்டும்போதும் அப்படியே. கடைக்காரரிடம் மரியாதையாகச் சொல்லி, ஒரு பக்கத்தை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். வாட்டர் வாஷில் வீலுக்கு அமிலம் கலந்த கரைசல் அடிக்கவிடாதீர்கள். கழுவிய உடனேயும் மழையில் நின்ற வண்டியை எடுத்த உடனேயும், தெருவிலேயே இரண்டு மூன்று முறை மிதித்து ஈரத்தை உலர்த்திவிட்டுப் பிரதான சாலைக்குப் போங்கள்.

செராமிக் போட்ட பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு

இங்கேதான் அதிகம் ஏமாறுகிறார்கள். இரும்பு தேய்ந்தால் தடிமன் குறையும், வெர்னியர் வைத்து அளந்துவிடலாம். கார்பன் செராமிக் தடிமன் குறையாமலேயே உள்ளே எரிந்து லேசாகிப்போகும். அதனால் குறைந்தபட்ச எடை எவ்வளவு என்று டிஸ்க்கின் நடுப்பகுதியிலேயே பொறித்திருப்பார்கள். டிஸ்க்கைக் கழற்றி, துடைத்து, துல்லியமான தராசில் வைத்து அந்த எண்ணோடு ஒப்பிடச் சொல்லுங்கள். கார்பன் எவ்வளவு எரிந்திருக்கிறது என்று டிஸ்க்கைக் கழற்றாமலேயே அளக்கும் கார்போடெக் என்ற கருவி சில சர்வீஸ் மையங்களில் உண்டு, இருந்தால் அதன் அளவை எழுத்தில் வாங்குங்கள். முகத்தில் இழைகள் பெயர்ந்து சொரசொரப்பாக, அம்மைத் தழும்புபோல் குழிகள் தெரிந்தால் அந்த வண்டி தடத்தில் நிறைய அடிபட்டிருக்கிறது.

இன்னொன்றையும் கேளுங்கள். முன்பு வைத்திருந்தவர் செராமிக்கைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு இரும்பு மாட்டி ஓட்டியிருக்கலாம். அப்படியானால் அந்தப் பழைய டிஸ்க்குகள் நான்கும் வண்டியோடு உங்களுக்கு வர வேண்டும். முன்பணம் கொடுக்குமுன் அவற்றைக் கண்ணால் பார்த்து, ஓரங்களில் விரலை ஓட்டிச் சில்லு ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.